அந்தமான் அஞ்சு நாள்: ஏஜென்ட் குடுத்த பிளான்ல எதை வெட்டறது?

கேள்வி: சார், நாங்க மதுரை. நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க (பெரியவனுக்கு 12, சின்னவளுக்கு 8), கூட என் அப்பா அம்மா. மே மூணாவது வாரம் அந்தமான் போலாம்னு இருக்கோம், அப்பதான் ஃப்ளைட் டிக்கெட் கம்மியா காட்டுது. ஏஜென்ட் நாலு நைட் அஞ்சு நாள்னு ஒரு பிளான் குடுத்துருக்கார், அதுல போர்ட் பிளேர், அப்புறம் பாரடாங், ஹாவ்லாக், நீல் தீவு எல்லாமே வருது. கடைசி நாள் காலைல நீல்ல இருந்து ஃபெர்ரி பிடிச்சு வந்து மத்தியானமே ஃப்ளைட். அம்மாவுக்கு மூட்டு வலி. அப்பாவுக்கு 67 வயசு, பிபி மாத்திரை சாப்பிடறார், ஆனா கடலுக்கு அடியில ஸ்கூபா டைவிங் பண்ணியே தீருவேன்னு நிக்கறார். சென்னைல இருந்து கப்பல்லயே போனா செலவு குறையுமான்னு வீட்டுக்காரர் கேக்கறார். இந்த பிளான் சரியா வருமா?

பதில்: வராது மேடம், மொதல்லயே சொல்லிடறேன். ஏஜென்ட் ஏமாத்தறார்னு சொல்ல வரல, கஸ்டமர் எந்தெந்த பேரைக் கேப்பாங்களோ அத்தனையும் உள்ள வச்சுட்டார், அவ்வளவுதான். அந்தமான்ல ஒரு தீவுல இருந்து இன்னொரு தீவுக்கு மாறினாலே பாதி நாள் போயிடும். ரூமை காலி பண்ணணும், பெட்டிய தூக்கிட்டு ஜெட்டிக்கு (படகுத்துறைக்கு) ஒரு மணி நேரம் முன்னாடியே போய் நிக்கணும், செக்கிங், ஃபெர்ரி, எறங்கினா வண்டி, அங்க ரூம் ரெடியாக மத்தியானம் ஆகும்னு ரிசப்ஷன்ல உக்காரணும். இதை மூட்டு வலியோட ஒருத்தர், எட்டு வயசுப் பொண்ணு ஒருத்தின்னு ஆறு பேர் பண்ணணும். உங்க பிளான்ல மூணு தடவ கடல் தாண்டறீங்க, அது போக பாரடாங்குக்கு ஒரு நாள் முழுசா ரோட்லயே போகுது. நான் இடத்தைக் குறைச்சுட்டு தேதியையும் மாத்துவேன்.

தேதிய மொதல்ல பாப்போம், ஏன்னா மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான். தென்மேற்கு பருவமழைன்னா நமக்கு ஜூன் 1 கேரளான்னு மனசுல பதிஞ்சு போச்சு, ஆனா அந்த மழை கேரளாவுக்கு வர்றதுக்கு முன்னாடியே அந்தமான் கடலுக்கு வந்துரும். 2024ல மே 19ந் தேதி வந்துச்சு, 2025ல இன்னும் சீக்கிரமா மே 13க்கே வந்துருச்சு. நீங்க சொல்ற மூணாவது வாரம் கரெக்டா அதுக்குள்ள மாட்டுது, டிக்கெட் கம்மியா இருக்கறதும் சும்மா இல்ல. மழைல நனைஞ்சா பரவால்லன்னு நெனைப்பீங்க, பசங்களுக்கு அது ஜாலிதான், ஆனா பிரச்சனை மழை இல்ல காத்து. காத்து அடிச்சா அலை ஏறும், அலை ஏறினா ஃபெர்ரி ஓடாது, ஓடினாலும் உள்ள உக்காந்துருக்கறவங்க வாந்தி எடுத்தே ஓய்ஞ்சு போவாங்க, படகுல போய் பாக்கற பீச் எதையும் திறக்க மாட்டாங்க, தண்ணி கலங்கி ஸ்நார்க்ளிங்ல (கண்ணாடி மாட்டி மிதந்துக்கிட்டே கீழ பாக்கறது) ஒண்ணும் தெரியாது.

பசங்களுக்கு பரீட்சை முடிஞ்சதும் ஏப்ரல் கடைசி வாரமோ மே முதல் வாரமோ போயிடுங்க. வேர்த்துக் கொட்டும், அதுல சந்தேகமே வேண்டாம், ஆனா கடல் பொதுவா அமைதியா இருக்கும், தண்ணி தெளிவா இருக்கும். டிக்கெட் கூட இருந்தாலும் அந்த வித்தியாசத்தைக் குடுத்துடுங்கன்னுதான் சொல்வேன். அரையாண்டு லீவுல போலாமான்னு அடுத்த கேள்வி வரும். டிசம்பர் கடைசில கூட்டமும் ரேட்டும் உச்சத்துல இருக்கும், அதுக்கு முன்னாடி போனா வடகிழக்கு பருவமழையோட வால் இன்னும் ஆடிட்டு இருக்கும். 2016 டிசம்பர்ல புயல் வந்து ஹாவ்லாக், நீல் ரெண்டு தீவுலயும் ஆயிரம் பேருக்கு மேல மாட்டிக்கிட்டு கடைசில கடற்படைக் கப்பல் போய்தான் கூட்டிட்டு வந்தாங்க. உண்மையிலயே நல்ல சீசன் ஜனவரி நடுவுல இருந்து மார்ச் வரைக்கும், ஸ்கூல் பசங்க இருக்கற வீட்டுக்கு அது ஒத்து வராது, விடுங்க.

அடுத்தது அந்த கடைசி நாள். காலைல நீல்ல ஃபெர்ரி, மத்தியானம் ஃப்ளைட். இதை மட்டும் எந்த சீசன்லயும், எவ்வளவு நல்ல வானிலையா இருந்தாலும் ஒத்துக்காதீங்க. ஃபெர்ரி ஓடற நேரம் ஒண்ணு ஒண்ணரை மணி நேரம்தான், கணக்குப்படி பாத்தா டைம் இருக்கற மாதிரிதான் தெரியும். ஆனா மெஷின் கோளாறு, காத்து, நேர மாற்றம்னு எதுவேணா வரலாம், ஒரு சர்வீஸ் கேன்சல் ஆச்சுன்னா அன்னிக்கு அடுத்த கப்பல் ஏற்கனவே ஃபுல்லா இருக்கும். அப்ப ஃபெர்ரிக்காரங்க டிக்கெட் காசைத் திருப்பிக் குடுப்பாங்க இல்லன்னா வேற சர்வீஸ்ல மாத்தி விடுவாங்க, அதோட அவங்க பொறுப்பு முடிஞ்சுது. நீங்க விட்ட ஃப்ளைட்டுக்கு யாரும் பைசா தர மாட்டாங்க, ஆறு பேருக்கு அன்னிக்கு ரேட்ல புது டிக்கெட் எடுத்தா இந்த டூருக்கு ஆன மொத்த செலவும் ஒண்ணுமில்லாம தெரியும். அதனால கடைசி ராத்திரி போர்ட் பிளேர்லதான் தூங்கணும். நான் பிளான் போட்டா இந்த ஒரு ராத்திரிய மொதல்ல எழுதி வச்சுட்டுத்தான் மிச்சத்தை நிரப்புவேன்.

இப்ப மிச்சம் மூணு ராத்திரி. மொத நாள் போர்ட் பிளேர். மதுரைல இருந்து சென்னை மாறி வர்றீங்கன்னா ரெண்டு ஃப்ளைட்டும் ஒரே பிஎன்ஆர்ல இருக்கான்னு பாருங்க, தனித்தனியா எடுத்தா மொத ஃப்ளைட் லேட்டானதுக்கு ரெண்டாவது ஃப்ளைட்காரன் பொறுப்பேத்துக்க மாட்டான். சென்னைல இருந்து ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. எறங்கினதும் ரூம்ல நல்லா படுத்து எழுந்து சாயங்காலம் செல்லுலார் ஜெயிலுக்கு மட்டும் போங்க, 1906ல கட்டி முடிச்சது, ஏழு பிரிவா இருந்ததுல இப்ப மூணுதான் மிச்சம், அம்மா மாடி ஏறாம கீழயே உக்காந்து ஒலி ஒளிக் காட்சி பாக்கலாம். ரெண்டாம் நாள் காலை ஃபெர்ரில ஹாவ்லாக், அங்க ரெண்டு ராத்திரி. நாலாம் நாள் மத்தியான ஃபெர்ரில திரும்பி போர்ட் பிளேர். அஞ்சாம் நாள் ஃப்ளைட், அதுக்கு முன்னாடி நேரம் இருந்தா கடற்படை நடத்தற சமுத்ரிகா மியூசியம் பக்கத்துலயே இருக்கு, சங்கு சிப்பில இருந்து ஆதிவாசிகள் வரைக்கும் ஒரு ரவுண்டு பாத்துடலாம்.

நீல் எங்க போச்சுன்னு கேப்பீங்க. இன்னொரு நாள் லீவு கிடைச்சா ஹாவ்லாக்ல இருந்து நீல் போய் ஒரு ராத்திரி தங்கிட்டு அங்க இருந்து போர்ட் பிளேர் வாங்க. அப்பா அம்மாவுக்கு ஹாவ்லாக்கை விட நீல்தான் பிடிக்கும்னு எனக்கு தோணுது, சின்ன தீவு, சத்தம் கம்மி, பரத்பூர் பீச் ஜெட்டிய ஒட்டியே இருக்கு. லீவு கிடைக்கலன்னா மனசைக் கல்லாக்கிட்டு விட்டுடுங்க, காலைல போய் சாயங்காலம் வர்ற மாதிரி சொருகாதீங்க.

பாரடாங்கை நான் யோசிக்காம வெட்டுவேன், ரெண்டு காரணம். ஒண்ணு உடம்பு: விடியக்காலம் மூணரை நாலுக்கு கெளம்பணும், ஜிர்காடாங் செக்போஸ்ட்ல வரிசைல நின்னு போலீஸ் கான்வாய் கூட காட்டு ரோட்ல போகணும், நடுவுல வண்டிய நிறுத்தக் கூடாது, பாத்ரூம் கிடையாது, அப்புறம் வண்டியோட ஏத்திட்டுப் போற ஜங்கார் படகு, அப்புறம் ஸ்பீட் போட், அதுக்கப்புறம் சுண்ணாம்புக் குகைக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல மேடு பள்ளத்துல நடை. அம்மாவுக்கு இது தண்டனை. இன்னொண்ணு, அந்த ரோடு ஜாரவா பழங்குடி மக்களோட காட்டுக்குள்ள போகுது. அவங்க பகுதில ரோட்டை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002லயே உத்தரவு போட்டுச்சு, இன்னிக்கு வரைக்கும் வண்டி ஓடிட்டுதான் இருக்கு. குகை பாக்கறோம்னு சொல்லிட்டுப் போற வண்டில முக்காவாசிப் பேர் ஜன்னல் வழியா மனுஷங்களத்தான் தேடறாங்க. ஃபோட்டோ எடுத்தாலோ சாப்பிட ஏதாவது குடுத்தாலோ ஜெயில் வரைக்கும் போகும், அது சட்டம். சட்டத்தை விடுங்க, எனக்கே அந்த ரூட்ல ஆளை அனுப்பப் பிடிக்கல, யாராவது நேரா கேட்டா மட்டும் விவரம் சொல்வேன்.

ஹாவ்லாக், நீல் ரெண்டுலயும் பிளான்ல யாரும் எழுதாத ஒரு விஷயம் இருக்கு, கடல் ஏறுறதும் வத்துறதும். ஒரு நாள்ல ரெண்டு தடவ ஏறும் ரெண்டு தடவ வத்தும், தினமும் அந்த நேரம் முக்கா மணிக்கு மேல தள்ளித் தள்ளிப் போகும். அமாவாசை பௌர்ணமி ஒட்டி ரொம்ப ஏறி ரொம்ப வத்தும், ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மீட்டர் அளவுக்குக் கூட வித்தியாசம் வரும், ஆளை விட உசரம். நம்ம பக்கத்து கடற்கரைல இந்த அளவுக்கு பாத்துருக்க மாட்டோம், அதனால யாருக்கும் மனசுல வர்றதில்ல. விளைவு என்னன்னா, ஆசையா கடல் பாத்த ரூம் எடுத்துருப்பீங்க, காலைல ஜன்னலைத் திறந்தா தண்ணி எங்கயோ தூரத்துல இருக்கும், முன்னாடி பூரா பாறையும் சேறும் கடல் புல்லுமா கெடக்கும். ஹாவ்லாக்ல விஜய்நகர், கோவிந்த்நகர் பக்கம் நிறைய ரிசார்ட் இப்படித்தான், ஏமாத்து வேலைன்னு ரிவ்யூ எழுதறவங்க ஆறு மணி நேரம் கழிச்சு அதே எடத்துக்கு வந்து பாத்துருக்கணும். ராதாநகர் பீச் மட்டும் எந்த நேரமும் ஓரளவுக்கு நல்லா இருக்கும், பாறை கம்மி, சுத்தமான மணல்.

நீல்ல இது இன்னும் முக்கியம். லக்ஷ்மண்பூர் பக்கம் இருக்கற அந்த இயற்கைப் பாறை பாலத்தை தண்ணி வத்தினப்பதான் போய் பாக்க முடியும், அதே நேரத்துல பரத்பூர்ல குளிக்கவோ கண்ணாடிப் படகுல போகவோ முடியாது, அதுக்கு தண்ணி ஏறியிருக்கணும். ஆக ரெண்டுக்கும் ஒரே நேரம் ஒத்து வராது, டிரைவர் அவர் வசதிக்கு கூட்டிட்டுப் போனா ரெண்டுல ஒண்ணு வேஸ்ட். போற தேதிக்கு கடல் ஏறி வத்தற நேரம் (டைட் டைம்) நெட்ல கிடைக்கும், முன்னாடியே எழுதி வச்சுக்கிட்டு அதுக்கேத்த மாதிரி டிரைவர்கிட்ட சொல்லுங்க. வீட்ல மாட்டியிருக்கற தினசரி காலண்டரே பாதி வேலைய முடிச்சுடும்: அமாவாசை பௌர்ணமி கிட்டன்னா பாலம் அருமையா வெளிய தெரியும், அஷ்டமி நவமி கிட்டன்னா ஏத்தமும் வத்தமும் ரொம்ப மாறாது, குளிக்கறவங்களுக்கு சௌகரியம். அஷ்டமி நவமில பயணம் வேண்டாம்னு சொல்ற பெரியவங்க வீட்ல இருந்தா அது தனி பஞ்சாயத்து, அதுக்கு நான் வரல. அந்தப் பாலத்துக்கு போற வழி வழுக்குப் பாறை, அம்மாவை மேலயே நிழல்ல உக்கார வச்சுட்டு நீங்க போயிட்டு வாங்க.

இன்னொண்ணு, அங்க சூரியன் நம்ம கடிகாரத்துக்கு முன்னாடி ஓடும். நேரம் இந்திய நேரம்தான் ஆனா தீவு ரொம்ப கிழக்க இருக்கு, அதனால ஏப்ரல் மே மாசத்துல அஞ்சு மணிக்கே விடிஞ்சுரும், சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் சூரியன் உள்ள போயிடும். ராதாநகர்ல சன்செட் பாக்கணும்னா மூணரைக்கே அங்க இருங்க, மத்தியான தூக்கத்தை முடிச்சுட்டு காபி குடிச்சுட்டு நிதானமா போனா இருட்டுதான் மிச்சம். வண்டி நிக்கற எடத்துல இருந்து மணல் கிட்டதான், அம்மாவுக்கு கஷ்டம் இருக்காது, 2020ல அந்த பீச்சுக்கு சுத்தம், வசதி பாத்துக் குடுக்கற புளூ ஃபிளாக் சான்றிதழ் கிடைச்சுது, அதனால டிரெஸ் மாத்தற எடம், ஷவர் எல்லாம் இருக்கு. லைஃப்கார்ட் விசில் அடிச்சா உடனே வெளிய வந்துடுங்க, முதலை எச்சரிக்கை போர்டு வச்ச எடத்துல, முக்கியமா ஓடை கடல்ல சேர்ற பக்கம், கால் கூட நனைக்காதீங்க. 2010ல ராதாநகர் பக்கத்துலயே ஒரு வெளிநாட்டுப் பொண்ணை முதலை இழுத்துட்டுப் போயிருக்கு, அந்த போர்டை அலங்காரத்துக்கு வைக்கல.

இப்ப அப்பா விஷயம். ஆசைப்படறது தப்பே இல்ல, 67 வயசுல கேக்கறார்னா சந்தோஷமா இருக்கு. ஆனா ஸ்கூபாவுக்கு முன்னாடி ஒரு மெடிக்கல் ஃபாரம் குடுப்பாங்க, பிபி, இதயம், ஆஸ்துமா, காது, சமீபத்துல பண்ண ஆபரேஷன் எல்லாம் கேப்பாங்க, ஒண்ணுக்கு ஆமான்னு போட்டாலும் டாக்டர் கையெழுத்து வேணும். அந்தத் தீவுல நின்னுக்கிட்டு டாக்டரைத் தேட முடியாது, அதனால மதுரைலயே அவர் பாக்கற டாக்டர்கிட்ட போய், ஸ்கூபா பண்ணப் போறேன்னு வெளிப்படையா சொல்லி, எழுதி வாங்கிட்டு வரட்டும். டாக்டர் வேண்டாம்னா வேண்டாம்தான். நடக்கற கூத்து என்னன்னா, அங்க போனதும் யாராவது எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் போடுங்க சார் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்வாங்க, அப்பாவும் டக்குனு போட்டுருவார், அந்த நேரத்துல நீங்க பக்கத்துல இருங்க. சீ வாக் (ஹெல்மெட் மாட்டிக்கிட்டு கடலுக்கடியில நடக்கறது) பண்ணலாமே, தலை கூட நனையாதுன்னு அடுத்து ஒருத்தர் வருவார், தலை நனையலன்னாலும் தண்ணிக்கு கீழ இருக்கற அழுத்தம் அதேதான், பிபிக்காரங்களுக்கும் காது பிரச்சனை இருக்கறவங்களுக்கும் அதுலயும் டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் எறங்கணும்.

பெரியவனுக்கு 12 வயசு, அவன் பண்ணலாம், குறைஞ்சது 10 வயசு இருக்கணும்ங்கறது பொதுவான கணக்கு. சின்னவளுக்கு எட்டுதான், எந்த சென்டர்காரராவது பரவால்ல மேடம் பண்ணலாம்னு சொன்னா பையனையும் கூட்டிட்டு வெளிய வந்துடுங்க, வயசு விஷயத்துல விட்டுக் குடுக்கறவன் சிலிண்டர் விஷயத்துல ஒழுங்கா இருப்பான்னு எப்படி நம்பறது. அவளுக்கு எலிஃபண்ட் பீச்ல ஆழமில்லாத எடத்துல லைஃப் ஜாக்கெட் போட்டு ஸ்நார்க்ளிங் போதும், கீழ மீன் தெரிஞ்சதும் அவளை வெளிய கூப்பிடறதுதான் கஷ்டம். அங்க ஹாவ்லாக் ஜெட்டில இருந்து படகு, ஏறி எறங்கறது அம்மாவுக்கு சிரமம், அன்னிக்கு காலைல அப்பா அம்மா ரிசார்ட்லயே இருக்கட்டும். டைவ் பண்ணவங்க ஃப்ளைட் ஏறறதுக்கு முன்னாடி ஒரு டைவ்னா 12 மணி நேரமாவது, நிறைய டைவ்னா 18 மணி நேரமாவது இடைவெளி வேணும், நான் சொன்ன பிளான்ல மூணாம் நாள் காலைல டைவ் வச்சா அந்தக் கவலையே இல்ல.

கப்பல் பத்தி வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க: சென்னைல இருந்து ஏறக்குறைய மூணு நாள் ஆகும், மாசத்துக்கு சில தடவதான் கெளம்பும், தேதி முன்னப்பின்ன ஆகும். லீவு கைல நிறைய இருக்கறவங்களுக்கு அது நல்ல அனுபவம். அஞ்சு நாள் லீவுக்காரங்களுக்கு போயிட்டு வரவே பத்தாது.

தீவுக்கு நடுவுல தனியார் ஃபெர்ரியா அரசு ஃபெர்ரியான்னு கேட்டா உங்க குடும்பத்துக்கு தனியார். மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன்னு ஓடுது, ஏசி, சீட் நம்பர், ஹாவ்லாக்குக்கு கப்பலைப் பொறுத்து ஒண்ணரைல இருந்து ரெண்டரை மணி நேரம் வாக்குல. அரசு ஃபெர்ரி விலை குறைவு, ஆனா நேரம் கூட, புக்கிங்கும் சில நாளைக்கு முன்னாடிதான் திறக்கும், அது கிடைக்குமா கிடைக்காதான்னு இங்க உக்காந்து டென்ஷன் ஆகணும். டிக்கெட்ல ஸ்வராஜ் த்வீப்னு இருந்தா ஹாவ்லாக், ஷஹீத் த்வீப்னா நீல், 2018ல மாத்தினாங்க, போர்ட் பிளேரும் 2024ல இருந்து ஸ்ரீ விஜய புரம், தப்பான ஊருக்கு போட்டுட்டாங்கன்னு பதறாதீங்க. போர்ட் பிளேர்ல தனியார் ஃபெர்ரியும் அரசு ஃபெர்ரியும் வேற வேற எடத்துல இருந்து கெளம்பும், எந்த ஜெட்டின்னு டிக்கெட்ல பாத்து டிரைவர்கிட்ட முந்தின நாளே சொல்லிடுங்க. வாந்தி வர்றவங்க நடுவுல, பின்பக்கமா, கீழ் டெக்ல சீட் எடுங்க, வெறும் வயித்துலயும் வேண்டாம் வயிறு முட்டவும் வேண்டாம், மாத்திரை போடறதா இருந்தா ஏறறதுக்கு அரை மணி முன்னாடி, அப்பாவோட பிபி மாத்திரையோட ஒத்துப் போகுமான்னு அதையும் அதே டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.

ரெகுலர் மாத்திரைய தேவைக்கு மேல ரெண்டு மூணு நாளைக்கு அதிகமாவே எடுத்துட்டுப் போங்க, பெரிய ஆஸ்பத்திரி போர்ட் பிளேர்லதான். கைல கொஞ்சம் ரொக்கம் வச்சுக்கங்க, 2020ல சென்னைல இருந்து கடலுக்கடியில கேபிள் போட்டதுக்கப்புறம் நெட் எவ்வளவோ தேவலாம், ஆனாலும் தீவுல ஜிபே எல்லா நேரமும் வேலை செய்யும்னு நம்பி போகாதீங்க. சாப்பாட்டுக்கு பயப்பட வேண்டாம், போர்ட் பிளேர்ல நம்மாளுங்க நிறைய பேர் இருக்காங்க, இட்லி தோசை கிடைக்கும். கடற்கரைல கெடக்கற பவளத்துண்டு, சிப்பி எதையும் பசங்க பையில போட விடாதீங்க, செத்த பவளமா இருந்தாலும் வனவிலங்கு சட்டத்துல வருது, ஏர்போர்ட் ஸ்கேன்ல கண்டுபிடிச்சு பெட்டியத் திறக்கச் சொல்வாங்க.

ஏஜென்ட்கிட்ட பேசறப்ப இந்த மாத்தத்தைச் சொல்லிட்டு கூடவே ரெண்டு விஷயத்தை எழுத்துல கேளுங்க. வானிலையால ஃபெர்ரி கேன்சலாகி ஹாவ்லாக் ரூமுக்கு போக முடியலன்னா அந்த ரூம் காசுக்கு என்ன வழி, போர்ட் பிளேர்ல மாட்டிக்கிட்டா கூடுதல் ராத்திரிக்கு யார் ரூம் ஏற்பாடு பண்ணுவாங்க. வாட்ஸ்அப்ல பதில் வந்தா கூட போதும். பதில் வராம, அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்னு ஃபோன்லயே முடிச்சார்னா அட்வான்ஸ் அனுப்பறதுக்கு முன்னாடி இன்னொருத்தர்கிட்டயும் கொட்டேஷன் வாங்குங்க. ஆறு பேரோட ஒரிஜினல் ஆதார் கைல இருக்கணும், பசங்களுதும் சேத்துதான், ஃபெர்ரி டிக்கெட்ல இருக்கற பேர் ஸ்பெல்லிங் அதோட ஒத்துப் போகுதான்னு புக் பண்ண அன்னிக்கே ஒரு தடவ பாத்துருங்க.